மஸ்டா எம்எக்ஸ்-5 முன் சஸ்பென்ஷன் புஷ்களை வீட்டிலேயே மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புஷ் (சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம், அதாவது இரும்புக் கை, காரோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளை) மாற்றுவது பெரிய கஷ்டம் இல்லை. அந்தப் புஷ்ஷுக்குள் இருபது இருபத்தைந்து வருடமாகத் துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும் போல்ட்டை வெளியே எடுப்பதுதான் கஷ்டம். நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பாதி கலிஃபோர்னியா மாதிரி காய்ந்த ஊர்க் கார்களை வைத்து எடுத்தவை, நட்டைக் கழற்றியதும் போல்ட் கையோடு வந்துவிடும், பத்து நிமிடத்தில் ஆர்ம் மேசைமேல் இருக்கும். இங்கிலாந்தில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைத் தூவுகிறார்கள், அந்த உப்புத் தண்ணீரில் வளர்ந்த கார் அப்படி வராது. அதனால் இந்த வழிகாட்டியில் போல்ட்டுக்குத்தான் அதிக இடம், புஷ்ஷுக்கு அடுத்த இடம்.

நான் சொல்வது முதல் இரண்டு தலைமுறைக் கார்களுக்கு. 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் முதலில் காட்டப்பட்ட, விளக்குகள் மேலே எழும்பி வரும் என்ஏ ஒன்று, அதற்கு அடுத்து 2005 வரை வந்த என்பி இன்னொன்று. அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் ரோட்ஸ்டர் என்றும் விற்றதும் இதே கார்தான். இரண்டுக்கும் முன் சஸ்பென்ஷன் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றே. மூன்றாம் தலைமுறை என்சி வேறு மாதிரி, அதற்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அமைப்பு இதுதான். ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் மேலே ஓர் ஆர்ம், கீழே ஓர் ஆர்ம், அதாவது டபுள் விஷ்போன். மேல் ஆர்ம் 'A' வடிவத்தில் இருக்கும், அதன் உள்பக்கம் இரண்டு புஷ், இரண்டுக்கும் ஊடாக ஒரே ஒரு நீளமான போல்ட். கீழ் ஆர்முக்கும் உள்பக்கம் இரண்டு புஷ், ஆனால் இவற்றுக்குத் தனித்தனிப் போல்ட், அதுவும் சாதாரணப் போல்ட் இல்லை, கேம் போல்ட்: தலைப்பக்கம் மையம் விலகிய ஒரு வட்டு இருக்கும், திருப்பினால் ஆர்ம் உள்ளேயும் வெளியேயும் நகரும், காம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) காஸ்டரும் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சு சாயும் கோணம்) சரிசெய்வது இதை வைத்துத்தான். ஆக ஒரு பக்கத்துக்கு நான்கு, முன்பக்கம் மொத்தம் எட்டுப் புஷ். ஒரு டன் எடைகூட இல்லாத ஆரம்பகால 1.6 லிட்டர் கார் அப்படித் திரும்புவதற்கு இந்த வடிவமைப்புதான் காரணம், அது கெட்டுப்போவதற்கு இந்த எட்டு ரப்பர் துண்டுகளே போதும்.

புஷ்தான் பிரச்சனையா என்று முதலில் பாருங்கள்

பள்ளத்தில் இறங்கும்போது 'டொக்' என்று ஒரே ஒரு மொத்தமான சத்தம், நேர் ரோட்டில் ஸ்டியரிங்கைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டிய நிலை, பிரேக் அடித்தால் கார் ஒரு பக்கம் மூக்கை நகர்த்துவது, அலைன்மென்ட் செய்து சில வாரத்திலேயே டயரின் உள்விளிம்பு தேய்வது, இவையெல்லாம் புஷ் போனதற்கான அறிகுறிகள். ஆனால் இதே அறிகுறிகளை பால் ஜாயின்ட் (ஆர்மின் வெளிமுனையில் சக்கரப் பக்கத்தோடு சேரும் பந்து மூட்டு), வீல் பேரிங், ஷாக்கின் மேல் மவுன்ட் என்று எதுவும் தரலாம். சின்ன மேடு பள்ளத்தில் 'கடகட' என்று தொடர்ந்து சத்தம் வந்தால் பெரும்பாலும் ஆன்டி ரோல் பாரின் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க், அது ஒரு மணி நேர வேலை, அதற்காக ஆர்மைக் கழற்றத் தேவையில்லை.

பார்க்கும் முறை: காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டார்ச் அடித்துப் புஷ்ஷின் முகத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் ஸ்டீல் குழாய் வட்டத்தின் நடுவில் இருக்கவேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, ரப்பர் உலோகத்திலிருந்து பிரிந்து பிறை மாதிரி இடைவெளி தெரிந்தாலோ அது முடிந்தது. மேலோட்டமான வெடிப்பு மட்டும் இருந்தால் அது வயசு, இன்னும் கொஞ்ச காலம் ஓடும். அப்புறம் ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் (ஆர்ம்கள் மாட்டியிருக்கும் இரும்புச் சட்டம்) நடுவில் ஒரு நீளமான கம்பியைக் கொடுத்து நெம்புங்கள், ரப்பர் கொஞ்சம் இசைந்து கொடுப்பது இயல்பு, சத்தத்தோடு தாவினால் இயல்பு இல்லை. இங்கே இங்கிலாந்தில், கார் ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் வருடாந்திர எம்ஓடி சோதனையிலும் இதைத்தான் நெம்பிப் பார்க்கிறார்கள், பழைய சோதனைத் தாள்களில் புஷ் பற்றி எச்சரிக்கைக் குறிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்தப் புஷ் முதலில் போகத் தொடங்கியது என்பது அதிலேயே இருக்கும்.

ரப்பரா, பாலியா

இந்தக் கேள்வியைக் கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். என் கருத்து இது: தினமும் ரோட்டில் ஓடும் காருக்கு நல்ல புது ரப்பர். டிராக்கில் அடிக்கடி ஓட்டுபவர்களுக்கும், கிரீஸ் வைத்துப் பராமரிக்கச் சலிக்காதவர்களுக்கும் பாலியூரித்தேன். பவர்ஃப்ளெக்ஸ், சூப்பர்புரோ, எனர்ஜி சஸ்பென்ஷன் என்று இந்தக் காருக்குப் பாலி செட் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள், தரமான பொருள்தான், ஒன்றும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு, அதைப் புரிந்துகொண்டு வாங்குங்கள்.

ரப்பர் புஷ்ஷில் உள்குழாய், ரப்பர், வெளிக்குழாய் மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் சப்ஃபிரேமோடு பிடித்துக்கொள்ளும், ஆர்ம் மேலும் கீழும் போகும்போது எதுவும் உரசிச் சுழல்வதில்லை, ஈரத்துண்டைப் பிழிகிற மாதிரி ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்ப அவிழும். அதனால் கிரீஸ் வேண்டாம், சத்தம் வராது. பாலியில் அப்படி ஒட்டு கிடையாது, உள்குழாயின்மேல் பாலி வழுக்கிச் சுழல்கிறது, அதனால் கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும், தண்ணீர் உள்ளே போனால் குழாய் துருப்பிடிக்கும். பாலியின் பெரிய வசதி, பெரிய பிரஸ் எதுவும் இல்லாமல் கையாலேயே போட்டுவிடலாம். பலர் பாலி வாங்குவதற்கு உண்மையான காரணம் அதுதான், 'ஹேண்ட்லிங்' என்று சொல்வது சும்மா.

மூன்றாவது வழி, புஷ் பொருத்தியே வரும் மொத்த ஆர்மை வாங்கிப் போடுவது. உங்கள் ஆர்ம் துருவில் செதில் செதிலாக உதிர்கிறது என்றால் இதை யோசியுங்கள். ஆனால் போல்ட்டைக் கழற்றும் சண்டை அதிலும் அப்படியேதான் இருக்கும், தப்பிக்க முடியாது.

வேலையைத் தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

புஷ்ஷை மட்டும் வாங்கிவிட்டுத் தொடங்காதீர்கள். நான்கு கேம் போல்ட்டும் அவற்றின் வட்டுகளும் நட்டுகளும், மேல் ஆர்மின் நீளப் போல்ட் இரண்டு, பால் ஜாயின்ட் நட்டுகளுக்கான ஸ்பிளிட் பின்கள், இவை முன்கூட்டியே வீட்டில் இருக்கவேண்டும். பழைய போல்ட் நல்லபடியாக வந்துவிட்டால் புதியதைத் திருப்பிக் கொடுத்துக்கொள்ளலாம். வராவிட்டால், சனிக்கிழமை மாலை போல்ட்டை அறுத்துவிட்டு, பாகம் வரும்வரை கார் நடைபாதையை அடைத்துக்கொண்டு ஸ்டாண்டில் நிற்கும்.

கருவிகளில் ஜாக், நல்ல ஸ்டாண்ட் இரண்டு, நீளமான பிரேக்கர் பார், 14, 17, 19, 21 மி.மீ. சாக்கெட்டுகள் (சக்கர நட் 21), டார்க் ரெஞ்ச், பால் ஜாயின்ட் பிரிப்பான், பெரிய சுத்தியல். அப்புறம் முக்கியமானது ஒரு மின் ரம்பம், பிளேடு முன்னும் பின்னும் ஓடும் வகை. உலோகம் அறுக்கும் நீளமான பிளேடுகள் ஒன்றுக்கு நான்காக வாங்குங்கள், கடினமான போல்ட்டில் பல் சீக்கிரம் போய்விடும். புஷ் ஏற்ற ஒரு பட்டறை பிரஸ் இருந்தால் சொர்க்கம். இல்லையென்றால் தடிமனான திரெட் கம்பி, அதற்கேற்ற நீள நட்டுகள், தடித்த வாஷர்கள், பொருத்தமான அளவில் வெட்டிய இரும்புக் குழாய்த் துண்டுகள் இருந்தால் போதும், பழைய பெரிய சாக்கெட்டுகளே குழாய்த் துண்டுக்குப் பதிலாக உதவும்.

ஒரு வாரத்துக்கு முன்பே தினமும் மாலையில் எல்லாப் போல்ட்டின் இரண்டு முனைகளிலும் துரு இளக்கும் எண்ணெயை அடியுங்கள். வழக்கமான சமையலறை எண்ணெய் கதையெல்லாம் வேண்டாம், கடையில் அதற்கென்று விற்பதையே வாங்குங்கள். நேர்மையாகச் சொன்னால் அது நட்டின் திரெட்டுக்குத்தான் பெரிதாக உதவும், உள்குழாய்க்கும் போல்ட் தண்டுக்கும் இடையில் பிடித்திருக்கும் துரு வரை போவது அபூர்வம். இருந்தாலும் அடியுங்கள்.

இரண்டு அளவு, ஓர் அடையாளம்

கார் நான்கு சக்கரத்திலும் சமதளத்தில் நிற்கும்போதே, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். இந்த எண் இல்லாமல் கடைசியில் போல்ட்டைச் சரியான நிலையில் இறுக்க முடியாது, ஏன் என்று கீழே வருகிறது.

கேம் வட்டில் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, எந்தக் கோடு சப்ஃபிரேமின் எந்த இடத்துக்கு நேராக நிற்கிறது என்று பெயின்ட்டில் குறித்து, ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டை அறுத்து எடுக்க நேர்ந்தாலும் படம் இருக்கும்.

கழற்றுவது

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். குழப்பம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பக்கம் அப்படியே இருக்கும்.

சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே இளக்கி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன் சப்ஃபிரேமின் நடுவில் ஜாக் கொடுத்துத் தூக்குங்கள். ஸ்டாண்டைக் கதவுக்குக் கீழே உள்ள வலுவூட்டிய இடத்தில் வையுங்கள், அந்த விளிம்பு எளிதில் மடங்கும், காடி வெட்டிய ரப்பர்க் கட்டை ஒன்று நடுவில் இருக்கட்டும். இந்த வேலையில் பிரேக்கர் பாரில் முழு உடம்பையும் போட்டு இழுப்பீர்கள், அதனால் காரைக் கையால் பலமாக உலுக்கிப் பாருங்கள், ஸ்டாண்டில் அசைந்தால் மறுபடி இறக்கி வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகக்கூடாது.

சக்கரம் வந்த பிறகு வரிசை இப்படி. பிரேக் கேலிப்பரை அதன் பிராக்கெட்டோடு கழற்றிக் கம்பி போட்டு மேலே கட்டுங்கள், ஹோஸில் தொங்கவிடாதீர்கள். ஏபிஎஸ் இருந்தால் அதன் வயரையும் விடுவியுங்கள். ஆன்டி ரோல் பார் லிங்க்கை இரண்டு பக்கமும் கழற்றுங்கள். டை ராட் முனை, அப்புறம் மேல் பால் ஜாயின்ட். ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டை முழுதாகக் கழற்றாமல் சில திரெட் விட்டுவிட்டுப் பிரிப்பானைப் போடுங்கள், பிரியும்போது வெடித்துத்தான் பிரியும், நட் இருந்தால் எதுவும் பறக்காது. பிரிப்பான் முரண்டு பிடித்தால், ஜாயின்ட் உட்கார்ந்திருக்கும் இரும்புக் காதின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு பலமான அடி. திரெட்டின் தலையில் அடிக்காதீர்கள். கீழ் பால் ஜாயின்ட்டைப் பிரிக்கவே வேண்டாம், அது கீழ் ஆர்மில் தனியாகப் போல்ட் போட்டு வைத்திருப்பது, அந்தப் போல்ட்டுகளைக் கழற்றினால் ஆர்ம் விடுபட்டுவிடும்.

ஷாக்கின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி, மேலே எஞ்சின் அறையில் உள்ள இரண்டு நட்டுகளைக் கழற்றினால் ஸ்பிரிங்கோடு சேர்ந்து ஷாக் விடுபடும். நடுவில் தெரியும் ஒற்றை நட்டைத் தொடவே தொடாதீர்கள், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருப்பது அதுதான், கழன்றால் முகத்தைப் பெயர்த்துவிடும். ஷாக் மேல் ஆர்மின் நடுவே போவதால் இரண்டையும் ஒன்றாகச் சாய்த்துத்தான் வெளியே எடுக்கவேண்டும். மேல் ஆர்மின் நீளப் போல்ட்டை இழுக்கும் முன், அதன் முழு நீளமும் வெளியே வர வழி இருக்கிறதா, எந்தப் பக்கம் தலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேல் போல்ட் பெரும்பாலும் சொன்ன பேச்சுக் கேட்கும், உப்புத் தண்ணீர் அவ்வளவு உயரம் அதிகம் போவதில்லை.

கேம் போல்ட்

இங்கேதான் உங்கள் சனிக்கிழமை போகும். நட் ஒருவழியாகக் கழன்றுவிடும். அப்புறம் போல்ட்டின் தலையைத் திருப்பிப் பாருங்கள். சுலபமாகச் சுழன்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, தட்டி எடுத்துவிடலாம். கொஞ்சம் திரும்பி ஸ்பிரிங் மாதிரி திரும்பவும் பழைய இடத்துக்கே வந்தால், போல்ட் தண்டு உள்குழாயோடு துருவில் ஒட்டிக்கொண்டது, நீங்கள் முறுக்குவது ரப்பரை. இந்த நிலையில் இன்னும் பலமாகச் சுத்தியலால் அடித்துப் பயனில்லை, அடி முழுவதையும் ரப்பர் விழுங்கிவிடும்.

ஒரு முறை நியாயமாக முயற்சி செய்யுங்கள். நட்டை முனைவரை திரும்பப் போட்டுத் திரெட்டைக் காப்பாற்றிக்கொண்டு, தலையைப் பிரேக்கர் பாரால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முறுக்குங்கள். துருப்பிடிப்பு லேசாக இருந்தால் 'கிறக்' என்று ஒரு சத்தத்தோடு விடும். அரை மணி நேரம் போய்விட்டது, ஒன்றும் நடக்கவில்லை என்றால் ரம்பத்தை எடுங்கள். சிலர் இந்த இடத்தில் சூடேற்றுவார்கள். வேலை செய்யும், ஆனால் ரப்பர் தீப்பிடித்துக் கரும்புகை கக்கும், பக்கத்தில் ஸ்டியரிங் ராக்கின் ரப்பர் உறை இருக்கிறது, கார் வீட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. எனக்கு அறுப்பதுதான் பிடிக்கும்.

அறுப்பது என்றால், ஆர்மின் புஷ்ஷுக்கும் சப்ஃபிரேமின் காதுக்கும் நடுவில் உள்ள குறுகிய இடைவெளியில் பிளேடை நுழைத்து, உள்குழாயையும் போல்ட்டையும் சேர்த்து இரண்டு பக்கமும் வெட்டுவது. வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டுக்கொண்டே, பிளேடை ஆர்மின் பக்கமாகச் சாய்த்து அறுங்கள். ஆர்ம் பக்கம் கீறல் விழுந்தால் புதுப் புஷ் அதை மறைத்துவிடும், சப்ஃபிரேமின் காதில் வெட்டு விழுந்தால் அது அப்படியே நிற்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். இரண்டு பக்கமும் வெட்டியதும் ஆர்ம் கீழே இறங்கிவிடும், பாக்கித் துண்டுகளைத் தட்டி எடுக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள்: கேம் வட்டின் இரண்டு பக்கமும் சப்ஃபிரேமில் சின்ன விளிம்புகள் எழும்பி நிற்கும். வட்டு அந்த விளிம்புகளுக்கு நடுவில்தான் உருளுகிறது. கோபத்தில் சுத்தியலால் அதை நசுக்கிவிட்டால் அலைன்மென்ட் அதற்கப்புறம் நிற்காது. நசுங்கியிருந்தால் அப்போதே நிமிர்த்திவிடுங்கள், அந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துருத்தடுப்பு பெயின்ட்டும் அடித்துவிடுங்கள், இவ்வளவு நல்ல வழி மறுபடி கிடைக்காது.

பழைய புஷ்ஷை எடுப்பது

எடுக்கும் முன், ஒவ்வொரு புஷ்ஷும் ஆர்மின் காதிலிருந்து (புஷ் உட்காரும் வளையம்) எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கீழ் ஆர்மின் முன் புஷ், பின் புஷ் எது எது என்று புதியவற்றிலும் பெயர் எழுதி வையுங்கள், மேசைமேல் கலந்துவிட்டால் தலைவலி.

பிரஸ் இருந்தால் தள்ளிவிடலாம், கீழே காதைச் சுற்றி முழு வட்டமாகத் தாங்கல் இருக்கவேண்டும். இல்லாமல் அழுத்தினால் ஆர்ம் வளையும். பிரஸ் இல்லையென்றால் ரப்பரில் வரிசையாக ஓட்டை போட்டு உள்குழாயைப் பிடுங்கி எடுத்துவிட்டு, ஹாக்சா பிளேடைக் கழற்றி ஓட்டை வழியாக நுழைத்து மறுபடி மாட்டி, வெளிக்குழாயின் சுவரை உள்ளிருந்து நீளவாக்கில் அறுங்கள். ஆர்மைத் தொடும் முன் நிறுத்தி, உளியால் அந்த வெட்டின் விளிம்பை உள்பக்கம் மடக்கினால் குழாய் சுருங்கித் தளர்ந்துவிடும். பாலி போடுபவர்களுக்கும் இதே வேலை உண்டு, பழைய வெளிக்குழாய் இருக்கும் இடத்தில் பாலி உட்காராது. தீ வைத்து எரிக்கும் முறையை நான் சொல்லமாட்டேன், அந்தப் புகையைச் சுவாசிக்கக்கூடாது, பக்கத்து வீட்டுக்காரரும் சும்மா இருக்கமாட்டார்.

ஓட்டையின் உட்புறத்தை மெல்லிய எமரித் தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குங்கள். ஆர்முக்குப் பவுடர் கோட்டிங் கொடுக்க நினைத்தால் இப்போதுதான் நேரம். பால் ஜாயின்ட் மேல் ஆர்மோடு சேர்ந்தே வருவது என்பதால் சூளையின் சூடு அதன் கிரீஸையும் ரப்பர் உறையையும் கெடுக்கும், எனவே மேல் ஆர்முக்கு நான் கையால் பெயின்ட் அடிப்பதோடு விடுவேன். எதை அடித்தாலும் புஷ் உட்காரும் ஓட்டைக்குள் பெயின்ட் போகக்கூடாது, அந்தத் தடிமன் போதும் புஷ் ஏறாமல் அடம்பிடிக்க.

புதியதை ஏற்றுவது

அழுத்தம் எப்போதும் வெளிக்குழாயின் விளிம்பில்தான் விழவேண்டும். ரப்பரையோ உள்குழாயையோ அழுத்தினால் ஒட்டு விட்டுப்போய், போடும்போதே தேய்ந்த புஷ் ஆகிவிடும். அதனால் வெளிக்குழாயின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் குழாய்த் துண்டோ சாக்கெட்டோ தேடி எடுப்பதில் நேரம் செலவழியுங்கள். திரெட் கம்பி முறையில் ஒரு பக்கம் இந்தத் தள்ளும் துண்டு, மறுபக்கம் புஷ் உள்ளே போய்ச் சேர இடம் விடும் அகலமான துண்டு, இரண்டு முனையிலும் வாஷரும் நட்டும். கம்பியின் திரெட்டில் தாராளமாகக் கிரீஸ் பூசுங்கள், இல்லையென்றால் புஷ் பாதி போனதும் நட் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். புஷ்ஷின் வெளிப்புறத்தில் சோப்புத் தண்ணீர் போதும். சாதாரண எண்ணெயும் கிரீஸும் ரப்பருக்கு எதிரி.

முதல் சில மில்லிமீட்டர்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. புஷ் நேராகத் தொடங்கவேண்டும், கொஞ்சம் சாய்ந்தது தெரிந்தால் உடனே நிறுத்தி வெளியே தட்டி மறுபடி தொடங்குங்கள், 'போகப் போக நேராகிவிடும்' என்று இறுக்கினால் ஆர்மின் காது முட்டை வடிவமாகும். ஆர்மின் இரண்டு காதுகளையும் சேர்த்து அழுத்தும் நிலை வந்தால் நடுவில் சரியான நீளத்தில் ஒரு இரும்புத் துண்டை முட்டுக் கொடுங்கள், காது உள்ளே வளையாது. முன்பு அளந்த நீட்டல் அளவு வந்ததும் நிறுத்துங்கள்.

பாலிக்கு இதெல்லாம் வேண்டாம். செட்டோடு வரும் கிரீஸை உள்ளும் வெளியும் கஞ்சத்தனம் இல்லாமல் பூசி, இரண்டு பாதிகளையும் கையால் தள்ளி, உள்குழாயை வைஸில் அழுத்தி ஏற்றினால் முடிந்தது.

திரும்ப மாட்டுவது, எப்போது இறுக்குவது

கழற்றிய வரிசையைத் தலைகீழாக்குங்கள். கேம் போல்ட்டின் தண்டில், அதாவது உள்குழாய்க்குள் இருக்கும் பகுதியில், துருப்பிடித்து ஒட்டாமலிருக்க காப்பர் கிரீஸை மெல்லியதாகப் பூசுங்கள், அடுத்து இதைக் கழற்றப்போகிறவர் உங்களை வாழ்த்துவார். திரெட்டில் படவேண்டாம், வழுவழுப்பான திரெட்டில் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு பொய்யாகிவிடும். கேம்களைப் பழைய அடையாளத்துக்கே திருப்பி வையுங்கள். ஆர்ம் போல்ட்டுகள் எல்லாவற்றையும் இப்போதைக்குக் கையால் திருப்பும் அளவுக்கு மட்டும்.

இறுக்குவதற்குச் சரியான நிலை, கார் தன் எடையில் தரையில் நிற்கும் நிலை. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், அந்தக் கோணமே ரப்பருக்கு ஓய்வுநிலை ஆகிவிடும். காரை இறக்கியதும் ரப்பர் பாதி முறுக்கில் நிற்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் அதற்கு மேலும் முறுக்கும், புத்தம் புதுப் புஷ் சீக்கிரமே கிழிந்துவிடும், காரின் முன்பக்கமும் கொஞ்சம் உயரமாக நிற்கும். பட்டறைகளிலேயே இதை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள், கார் லிஃப்டில் இருக்கும்போதே இறுக்கி அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது. 'நல்ல புஷ்தான் போட்டேன், ஆனால் நிற்கவில்லை' என்று சொல்பவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

வீட்டில் இதைச் செய்ய இரண்டு வழி. ஒன்று, சக்கரங்களை மாட்டி, அவற்றுக்குக் கீழே அகலமான மரக்கட்டைகளை அடுக்கி, காரை அதன்மேல் இறக்குவது. கார் தன் எடையில் நிற்கும், நீங்கள் கீழே போய்க் கேம் போல்ட்டுகளை இறுக்கலாம். ஆனால் சக்கரம் இருக்கும்போது மேல் ஆர்மின் போல்ட்டுக்குக் கை போவது சிரமம். அதற்கு இரண்டாவது வழி: சக்கரம் இல்லாமல், கீழ் ஆர்மின் வெளிமுனையில் பால் ஜாயின்ட் பக்கமாக ஜாக்கைக் கொடுத்து மெதுவாக உயர்த்துங்கள், அந்தப் பக்கத்துக் கார் ஸ்டாண்டிலிருந்து ஒரு தாள் அளவு எழும்பும் நேரம் ஸ்பிரிங் அந்த மூலையின் எடையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இப்போது ஹப் மையத்திலிருந்து மட்கார்டு வரை அளந்து பாருங்கள், முதலில் எழுதி வைத்த எண்ணுக்கு நெருக்கமாக வந்திருக்கும். அங்கே வைத்து மேல் போல்ட்டை இறுக்குங்கள். ஸ்டாண்ட் அதே இடத்தில் இருக்கட்டும், உடம்பை வண்டிக்கு அடியில் நுழைக்காதீர்கள்.

இறுக்கும் அளவுகள் உங்கள் காரின் ஆண்டுக்கான வொர்க்ஷாப் மேனுவலில் இருப்பதையே எடுங்கள், மேல் ஆர்முக்கும் கீழ் ஆர்முக்கும் ஒரே எண் கிடையாது. சக்கர நட்டுக்கு 90 முதல் 118 நியூட்டன் மீட்டர். பால் ஜாயின்ட் நட்டை இறுக்கிய பிறகு ஸ்பிளிட் பின்னுக்கு ஓட்டை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்கவேண்டும், தளர்த்தி நேராக்கக்கூடாது. பழைய பின்னைத் திரும்பப் போடாதீர்கள், சில்லறைக் காசு.

பாலி போட்டவர்களுக்கு இந்த ஓய்வுநிலைக் கதை பொருந்தாது, அது சுழல்வதால் எந்த நிலையில் இறுக்கினாலும் முறுக்கு சேராது. இருந்தாலும் கேம் போல்ட்டைத் தரையில் வைத்தே இறுக்குங்கள்.

முதல் ஓட்டமும் அலைன்மென்ட்டும்

காரை நகர்த்தும் முன் பிரேக் பெடலைச் சில முறை அழுத்துங்கள், கேலிப்பரை அசைத்தபோது பிஸ்டன் பின்னால் போயிருக்கலாம். ஸ்டியரிங்கை இரண்டு எல்லைவரை திருப்பி, பிரேக் ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமலும் எதிலும் உரசாமலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடையாளத்தில் வைத்துவிட்டோம், அலைன்மென்ட் எதற்கு என்று கேட்காதீர்கள். பழைய அடையாளம், சாய்ந்துபோன பழைய புஷ்ஷுக்குச் சரிசெய்யப்பட்டது. அலைன்மென்ட் கடைவரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போக மட்டும்தான் அது. கடையில் சொல்லும்போது 'அலைன்மென்ட்' என்று பொதுவாகச் சொன்னால் முன்சக்கர டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் சரிசெய்து காசு வாங்கிவிடுவார்கள். நான்கு சக்கரத்திலும் காம்பர், டோ, முன்பக்கம் காஸ்டர் எல்லாம் கேம் போல்ட்டை வைத்துச் செய்யத் தெரியுமா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள், தயங்கினால் வேறு கடை. ரோட்டுக் காருக்கு முன்பக்கம் நெகட்டிவ் காம்பர் ஒரு டிகிரி அளவு, காஸ்டர் ஐந்து டிகிரி பக்கம், டோ சுழியம் அல்லது மிகச் சிறிது உள்நோக்கி என்று தொடங்கினால் நன்றாக இருக்கும். எண்களைவிட இடமும் வலமும் ஒரே மாதிரி இருப்பது முக்கியம். இவ்வளவு லேசான காரில் ஓட்டுநரின் எடையே அளவை மாற்றிவிடும் என்பதால், ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஏதாவது வைக்கச் சொல்லுங்கள், அல்லது நீங்களே உட்காருங்கள்.

கடையிலிருந்து வந்த பிறகு கேம் நட்டுகளை நீங்களே ஒருமுறை டார்க் ரெஞ்சில் பாருங்கள், அவர்கள் அவசரத்தில் கை அளவில் விட்டிருக்கலாம். ஒன்றிரண்டு வாரம் ஓட்டிய பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் மறுபடி சரிபாருங்கள், பெயின்ட்டில் நட்டின்மேல் ஒரு கோடு போட்டு வைத்தால் அடுத்தமுறை பார்வையிலேயே தெரியும். பின்பக்கக் கீழ் ஆர்ம்களிலும் இதே கேம் போல்ட்டுகள்தான் இருக்கின்றன, அவற்றை மாற்றும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் அலைன்மென்ட் கடைக்குப் போகும் முன் அவை சுழல்கின்றனவா என்று பார்த்து எண்ணெய் அடித்து வையுங்கள். பின்கேம் ஒட்டியிருந்தால் கடைக்காரரால் பின்பக்கத்தை நகர்த்த முடியாது, பாதி அலைன்மென்ட்டுக்கு முழுக் காசு கொடுத்துவிட்டு வருவீர்கள்.